உப்பு மீனும் நீலக்கொடியும்: டினோஸ் தீவில் மார்ச் 25 கொண்டாட ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்கர்களின் மார்ச் 25 திருநாளுக்கான வேலை மார்ச் 23 அன்றே தொடங்கிவிடுகிறது. உப்பில் இறுகிய காட் மீன் துண்டுகளைத் தண்ணீரில் போட்டு, இரண்டு நாள் பொறுமையாக ஊறவைக்க வேண்டும். அன்று காலை மட்டும் எழுந்து வந்து அணிவகுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்த நாளின் பாதிதான் கிடைக்கும். ஏதென்ஸில் குடியேறிய முதல் ஆண்டு எனக்கும் அப்படித்தான் ஆனது. அதற்கடுத்த ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கொண்டாடும் இடமாக ஈஜியன் கடலிலுள்ள டினோஸ் தீவைத் தேர்ந்திருக்கிறேன். தேசமும் சமயமும் கடலும் ஒரே தெருவில் சேர்கிற ஊர் அது.

முதலில், எதைக் கொண்டாடுகிறோம்?

ஒரே தேதியில் இரண்டு விழாக்கள். ஒன்று, வானதூதர் கபிரியேல் மரியாளுக்குச் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள். கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்பு வருவது. கிரேக்க மொழியில் எவாங்கெலிஸ்மோஸ். மற்றொன்று, ஓட்டோமான் ஆட்சிக்கு எதிராக 1821இல் வெடித்த விடுதலைப் புரட்சியின் நினைவு நாள்.

பழைய பட்ராஸ் நகரத்தின் ஆயர் ஜெர்மானோஸ், கலாவ்ரிதா அருகிலுள்ள ஆயியா லாவ்ரா மடத்தில் அன்று புரட்சிக் கொடியை உயர்த்தினார் என்பது ஒவ்வொரு கிரேக்கக் குழந்தையும் பள்ளியில் கேட்டு வளரும் கதை. வரலாற்றாசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. சண்டை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கலமாதா நகரம் மார்ச் 23 அன்றே விடுபட்டது. 1838இல் அரச ஆணை இந்த நாளைத் தேசியத் திருநாளாக்கியபோது, மரியாளின் திருநாளோடு நாட்டின் பிறப்பையும் சேர்த்துக் கட்டினார்கள். கபிரியேல் கொண்டுவந்த நற்செய்தியும் விடுதலைச் செய்தியும் மக்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டன. இதைப் புரிந்துகொண்டால்தான், கோயிலிலிருந்து வெளியே வந்த கூட்டம் அப்படியே அணிவகுப்புக்கு நகர்வது ஏன் என்பது விளங்கும்.

டினோஸுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 1822இல், புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, இத்தீவின் கெஹ்ரோவூனி மடத்துத் துறவி பெலாயியாவுக்கு மரியாள் கனவில் தோன்றி, ஒரு வயலைத் தோண்டச் சொன்னதாகச் சொல்கிறார்கள். 1823 ஜனவரி 30 அன்று அங்கே மங்கள வார்த்தைத் திருப்படம் ஒன்று மண்ணிலிருந்து கிடைத்தது. விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த மக்கள் அதை வானத்தின் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் எழுந்ததுதான் பனாயியா எவாங்கெலிஸ்திரியா பேராலயம். பெயரிலேயே மங்கள வார்த்தையைத் தாங்கிய கோயில். ஆகவே மார்ச் 25 இங்கே நாட்டின் விழாவாகவும் ஊர்க் கோயிலின் சொந்தத் திருநாளாகவும் இருக்கிறது.

படி 1: கப்பலும் அறையும்

டினோஸுக்கு விமான நிலையம் கிடையாது, கப்பல்தான். பிரேயுஸ் துறைமுகத்திலிருந்தும், ஏதென்ஸுக்குக் கிழக்கே உள்ள ரஃபினாவிலிருந்தும் போகலாம். சாதாரணக் கப்பலில் ரஃபினாவிலிருந்து சுமார் நான்கு மணி நேரம், பிரேயுஸிலிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு ரஃபினாதான் பக்கம்.

மார்ச் மாதம் கோடைக்காலம் அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள். கப்பல்கள் குறைவு. அதைவிட முக்கியம், ஈஜியன் கடலின் காற்று. அது, காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர் அளவுகோலில் எட்டைத் தொட்டால் பொதுவாகக் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். எனவே 24ஆம் தேதிக் கப்பலை நம்பாதீர்கள். 23 அன்றே போய்ச் சேருங்கள். திரும்பும் பயணத்துக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு, அதற்கு அடுத்த நாள் விமானம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அறை எடுக்கும்போது சமையலறை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டியும் ஆழமான வாணலியும் இருந்தால் போதும். உடைகளில் ஒரு கனமான மேல்சட்டை கட்டாயம். வெயில் பளிச்சென்று அடித்தாலும் கடற்காற்று சில்லென்று வெட்டும். கடல் நீர் இன்னும் குளிர்காலக் குளிரில்தான் இருக்கும். குளிப்பதற்கான விழா அல்ல இது, கரையில் உட்கார்வதற்கான விழா.

படி 2: மார்ச் 23, மீனை ஊறவைத்தல்

ஏன் உப்பு மீன்? மார்ச் 25 எப்போதும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்குள்ளேயே விழுகிறது. ஆர்த்தடாக்ஸ் நோன்பில் இறைச்சி, முட்டை, பால், மீன் எதுவும் இல்லை. அந்த நீண்ட நோன்பில் மீனுக்கு அனுமதி கிடைப்பது இரண்டே நாட்கள்: மங்கள வார்த்தைத் திருநாளும் குருத்தோலை ஞாயிறும். கடலோரத்துக்காரர்களுக்குப் புது மீன் உண்டு. மலைக்கிராமத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? வட அட்லாண்டிக்கிலிருந்து வந்த உப்புக் காட் மீன் கெடாமல், மலிவாக, எந்த மேட்டுக்கும் ஏறிப் போனது. அது நாடு முழுவதற்கும் வழக்கமாகி, இப்போது மீன் துள்ளும் தீவுகளில்கூட அன்று பகல்யாரோஸ் என்ற அந்த உப்பு மீனைத்தான் பொரிக்கிறார்கள்.

வாங்கும்போது நடுத்துண்டாக, கனமானதாக, வெள்ளை நிறம் மாறாததாகப் பாருங்கள். மஞ்சள் ஏறியது பழையது. நான்கு பேருக்கு ஒரு கிலோ. ஏதென்ஸின் வர்வாகியோஸ் சந்தையில் அந்த வாரம் குவித்து வைத்திருப்பார்கள். தீவின் மளிகைக் கடையிலும் கிடைக்கும்.

முதலில் குழாயடியில் மேலுப்பு போகக் கழுவுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டுங்கள். பெரிய பாத்திரத்தில், தோல் மேலே இருக்கும்படி அடுக்கிக் குளிர்ந்த நீரை நிறைய ஊற்றுங்கள். தோல் கீழே இருந்தால் உப்பு இறங்க வழியில்லாமல் சதையிலேயே தங்கிவிடும். அடியில் ஒரு சல்லடைத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் மீனை வைத்தால் இன்னும் நல்லது. இறங்கிய உப்பு அடியில் தங்கும், மீனைத் தொடாது. பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மெல்லிய துண்டுக்கு ஒரு நாள், கனமானதற்கு இரண்டு நாள்.

நம்மில் கருவாடு சமைத்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் கை தவறும். கருவாட்டை வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் போதும். மிச்ச உப்பு குழம்பில் கரைந்துவிடும். பகல்யாரோஸுக்குக் குழம்பு கிடையாது. உள்ளே இருக்கிற உப்பு அப்படியே நாக்குக்கு வரும். முதல் ஆண்டு நான் ஒரே இரவு ஊறவைத்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து ஒரு நார் பிய்த்து வாயில் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரத்தை எடுத்துப்போய்த் தண்ணீரை மாற்றினார். அன்று எங்கள் வீட்டில் மதிய உணவு மாலையில்தான் நடந்தது. அவர் செய்ததைத்தான் இன்றும் செய்கிறேன்: கனமான துண்டின் நடுவிலிருந்து ஒரு நார் எடுத்துச் சுவைத்துப் பார்ப்பது. இதமான உப்பு தெரிந்தால் போதும். உப்பே இல்லாமல் போகும்வரை ஊறவிட்டால் மீனின் சுவையும் சேர்ந்து போய்விடும்.

படி 3: மார்ச் 24, ஊரைக் கவனிப்பது

அன்று பள்ளிகளில் விழா நடக்கும். பிள்ளைகள் கவிதை ஒப்பிப்பார்கள். பையன்கள் ஃபுஸ்தானெல்லா என்ற வெள்ளைக் கொசுவப் பாவாடையும் சிவப்புத் தொப்பியும், சிறுமிகள் அரசி அமாலியாவின் பெயரால் வழங்கும் நீண்ட அங்கியும் அணிந்து தெருவில் ஓடுவார்கள். ஏதென்ஸில் அதிபர் மாளிகைக் காவலர் உடையில் அந்தப் பாவாடைக்கு நானூறு கொசுவங்கள் என்றும், அவை நானூறு ஆண்டு அடிமை வாழ்வைக் குறிக்கின்றன என்றும் சொல்வார்கள். பால்கனிகளில் கொடி ஏறியிருக்கும்.

அந்தக் கொடியைச் சற்று நின்று பாருங்கள். ஒன்பது பட்டைகள், 'விடுதலை அல்லது மரணம்' என்னும் புரட்சி முழக்கத்துக்குக் கிரேக்கத்தில் ஒன்பது அசைகள், அதனால்தான் ஒன்பது பட்டைகள் என்பது மக்கள் வழக்கு. நெடுங்காலம் இது கப்பல்களில் பறந்த கொடி. நிலத்துக்கு நீலப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை மட்டும் இருந்தது. 1978இல்தான் கடற்கொடியே முழு நாட்டுக்கும் ஒரே கொடியானது. டினோஸ் துறைமுகத்தில் பாய்மரக் கம்பத்தில் அதைக் காணும்போது, பிறந்த இடத்தில் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

நகராட்சி வெளியிடும் விழா நிகழ்ச்சி நிரலை இன்றே படித்து நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துறைமுகச் சுவர்களிலும் ஒட்டியிருப்பார்கள். நாளை வங்கிகளும் பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும். அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் மார்ச் 25 அன்று திறப்பதில்லை. ரொட்டி, எலுமிச்சை, பூண்டு எல்லாவற்றையும் இன்றே வாங்கிவிடுங்கள். உணவகத்தில் சாப்பிட நினைப்பவர்கள் மேசையையும் இன்றே சொல்லிவைக்க வேண்டும்.

மாலை வழிபாட்டுக்குப் போங்கள். நாளைய நெரிசல் இல்லாமல் கோயிலின் உள்ளே நிதானமாகப் பார்க்க இதுவே நேரம். தலையை உயர்த்திப் பாருங்கள்: வெள்ளி விளக்குகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான நேர்த்திக்கடன் பொருள்கள் தொங்கும். வெள்ளியில் செய்த கை, கால், கண், தொட்டில், கப்பல். வேளாங்கண்ணியில் உரு வாங்கிச் செலுத்தியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நான் தேடிப்போய்ப் பார்ப்பது இரண்டு. ஒன்று, வெள்ளி ஆரஞ்சு மரம். பார்வை இழந்த ஒருவர், கண் கிடைத்தால் முதலில் எதைக் காண்கிறேனோ அதையே வெள்ளியில் செய்து தருவேன் என்று வேண்டிக்கொண்டாராம்; முதலில் கண்டது ஆரஞ்சு மரம். மற்றொன்று, அடியில் மீன் செருகிய சிறு கப்பல். புயலில் ஓட்டை விழுந்த கப்பலை ஒரு பெரிய மீன் அந்த ஓட்டையில் சிக்கி அடைத்துக் காப்பாற்றிய கதை அது. கடலை நம்பிப் பிழைக்கும் மக்களின் பயமும் நன்றியும் அந்தச் சிறு கப்பலில் இருக்கிறது.

திருப்படம் கிடைத்த இடம் கோயிலின் கீழ்த்தளத்தில் உள்ளது. அங்கேயே, 1940 ஆகஸ்ட் 15 அன்று, மரியாளின் மற்றொரு திருநாளில், இதே துறைமுகத்தில் இத்தாலிய நீர்மூழ்கி மூழ்கடித்த எல்லி என்ற போர்க்கப்பலின் நினைவிடமும் இருக்கிறது. கிரேக்கம் அப்போது போரில் இறங்கவே இல்லை.

படி 4: மார்ச் 25 காலை

சீக்கிரம் எழுந்து, கடைசித் தண்ணீரை வடித்து, மீனைத் துணியில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் உலர விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

துறைமுகத்திலிருந்து கோயில் வரை ஏறும் அகலமான தெருவின் ஓரத்தில் ஒரு கம்பள விரிப்பு நீண்டு செல்லும். வேண்டுதல் உள்ளவர்கள் ஏறத்தாழ 800 மீட்டர் மேட்டில் முழங்காலால் ஊர்ந்து போவது அதன் மேல்தான். முகத்தில் வியர்வையும் கண்ணீருமாகப் போகிறவர்களின் படத்தை எடுக்காதீர்கள். ஒதுங்கி வழிவிடுங்கள், அதுவே அவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை. இணையாகப் போகும் கடைத்தெருவில் மெழுகுவர்த்திகள் விற்பார்கள். ஆள் உயரத்துக்குக்கூட உண்டு. சிறியது ஒன்று போதும்.

தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். உள்ளே நுழைந்ததும் மெழுகுவர்த்தி ஏற்றி, வரிசையில் நின்று திருப்படத்தை வணங்கலாம். வேறு சமயத்தவர் என்றால் முத்தமிட வேண்டியதில்லை, தலை வணங்கி நகரலாம். படம் பொன்னாலும் மணிகளாலும் மூடியிருப்பதால் ஓவியத்தைக் காண்பது அரிது. யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. வழிபாட்டில் மரியாளைப் போரில் முன்னிற்கும் தளபதியாக வாழ்த்தும் பழைய பாடல் வரும்போது கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும். 626இல் கான்ஸ்டான்டினோபிள் முற்றுகையிலிருந்து தப்பியதோடு தொடர்புபடுத்தப்படும் பாடல். தாயும் தளபதியும் ஒருவரே என்று பாடிய அடுத்த மணி நேரத்தில் அதே மக்கள் கொடிக்கு எழுந்து நிற்கப் போகிறார்கள். இந்த நாளின் இரு பாதிகளும் ஒட்டியிருக்கும் தையலை நான் கண்டது அந்தப் பாடலில்தான்.

படி 5: பவனி, மலர்வளையம், அணிவகுப்பு

வழிபாடு முடிந்ததும் திருப்படத்தைத் தோளில் ஏந்தி ஊருக்குள் பவனி வருவார்கள். முன்னால் வாத்தியக் குழு, பின்னால் குருக்கள், சீருடையினர், மக்கள். நோயாளிகளும் வேண்டுதல்காரர்களும் பாதையில் குனிந்து படுத்துக்கொள்ள, படம் அவர்களுக்கு மேலாகக் கடந்து போகும். மேட்டிலிருந்து இறங்கும் பவனியைப் பார்க்க வேண்டும்: பொன் மின்னும் படம், அதற்குப் பின்னால் நீலக் கடல்.

பிறகு நாட்டுக்கான நன்றி வழிபாடு, போரில் இறந்தோர் நினைவிடத்தில் மலர்வளையம், ஒரு நிமிட மௌனம், நாட்டுப்பண். தியோனிசியோஸ் சொலோமோஸ் 1823இல் எழுதிய 158 கண்ணிகளில் முதல் இரண்டு மட்டும் பாடப்படும். அந்த நேரம் தொப்பியைக் கழற்றி, கைகளைப் பக்கவாட்டில் வைத்து அசையாமல் நில்லுங்கள்.

அணிவகுப்பு பள்ளிப் பிள்ளைகளுடையது. போர் விமானமும் பீரங்கியும் பார்க்க வேண்டுமென்றால் அது ஏதென்ஸில். இங்கே கொடி ஏந்தி முதலில் வரும் மாணவியின் விரல்கள் கம்பில் இறுகி வெளுத்திருக்கும். பாட்டிகள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கை தட்டுவார்கள். நடைபாதை ஓரத்தில் நில்லுங்கள், வரிசையின் குறுக்கே போகாதீர்கள். நீங்களும் தாராளமாகக் கை தட்டுங்கள்.

வாழ்த்துச் சொல்: 'ஹ்ரோனியா பொல்லா', பல்லாண்டு வாழ்க. எவாங்கெலோஸ், வாங்கெலிஸ், எவாங்கெலியா என்று பெயர் கொண்டவர்களுக்கு இன்று பெயர்த் திருநாள். அவர்களுக்கு அதை இரண்டாம் முறை சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார்கள்.

படி 6: பூண்டுத் துவையலும் பொரியலும்

முதலில் ஸ்கொர்தல்யா. அரைக் கிலோ உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து உரியுங்கள். ஐந்து பல் பூண்டைக் கல்லுப்புடன் உரலில் இடித்து விழுதாக்குங்கள். பூண்டு திப்பியாக இருந்தால் கடைசிவரை அப்படியேதான் இருக்கும், அவசரம் வேண்டாம். சூடான கிழங்கை அதில் போட்டு மசித்து, 150 மில்லி ஆலிவ் எண்ணெயையும் மூன்று மேசைக்கரண்டி வினிகரையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள், கிழங்கின் மாவுச்சத்து பசையாகிவிடும். சில வீடுகளில் கிழங்குக்குப் பதில் ஊறவைத்த பழைய ரொட்டி, சில இடங்களில் அக்ரூட் பருப்பும் சேரும். ஒரு மணி நேரம் இருந்தால் பூண்டின் காரம் அடங்கிச் சுவை கூடும்.

மாவு நம் பஜ்ஜி மாவின் பதம், கடலை மாவு இல்லாமல். ஒரு கோப்பை மைதா, ஒரு கரண்டி பேக்கிங் பவுடர், மிளகு, குளிர்ந்த பீர் அல்லது சோடா நீர். நோன்புக் காலம், ஆகவே முட்டையும் பாலும் கூடாது. உப்பும் போடாதீர்கள், மீன் தரும். மீன் துண்டை உலர்ந்த மாவில் ஒருமுறை புரட்டி, பிறகு கரைசலில் தோய்த்து எண்ணெயில் விடுங்கள். ஒரு துளி கரைசல் விட்டால் உடனே மிதந்து பொரிய வேண்டும், அதுவே சூடு. மூன்று துண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் போட வேண்டாம். மாவு பொன்னிறமாகி, சலசலப்பு அடங்கும்போது எடுத்துக் கம்பித் தட்டில் வடியுங்கள். பிட்டால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும்.

பக்கத்தில் வேகவைத்த பீட்ரூட்டும் அதன் கீரையும், எண்ணெயும் வினிகரும் தெளித்து. ரொட்டி. எலுமிச்சை. குடிப்பவர்களுக்கு வெள்ளை ஒயின். இன்று ஒயினுக்கும் எண்ணெய்க்கும் தடையில்லை.

படி 7: கரையில் மேசை

காற்று அடங்கியிருந்தால் எல்லாவற்றையும் துணியில் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே ஆயியோஸ் ஃபோகாஸ் என்ற நீண்ட கரை இருக்கிறது. மீன் ஆறுவதற்குள் போய்விட வேண்டும் என்பதால் துவையலையும் பீட்ரூட்டையும் முன்பே கட்டிவைத்துவிட்டு, கடைசித் துண்டு எண்ணெயிலிருந்து வந்ததும் கிளம்புங்கள். ஒரு துண்டு மீன், அதன் மேல் ஒரு கரண்டி துவையல், கையால். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஒரு தட்டு நீளும். மறுக்காதீர்கள், உங்கள் தட்டையும் நீட்டுங்கள்.

டினோஸ் போக முடியாதவர்களுக்கு: பேருந்திலேயே போகக்கூடிய கடலோர ஊர் வேண்டுமென்றால், விடுதலை பெற்ற நாட்டுக்கு ஏதென்ஸுக்கு முன்பு தலைநகராக இருந்த நாஃப்பிளியோ. புரட்சிக்குக் கப்பல்களைத் தந்த ஊர் வேண்டுமென்றால் ஹைட்ரா அல்லது ஸ்பெட்செஸ். மீனும் துவையலும் எங்கேயும் அதே முறைதான்.

மீந்த மீனை நாளைக்கு எடுத்து வைக்காதீர்கள். 26 காலை நோன்பு மறுபடி தொடங்கிவிடும், நோன்பிருப்பவர்கள் குருத்தோலை ஞாயிறு வரை மீனைத் தொடமாட்டார்கள். இரவுக்குள் அறைக்காரருக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஒரு தட்டில் மூடிக் கொடுத்துவிடுங்கள். தட்டு வெறுமையாகத் திரும்பி வராது, நான்கு எலுமிச்சையாவது இருக்கும்.